காரீயம் தின்ற கோழிகள்

மார்த்தாவிடம் கோழி வாங்குகிறவர்கள் அதைக் கையில் தூக்கி எடை பார்க்க மாட்டார்கள். இறகை விலக்கி நெஞ்செலும்பைத் தடவவும் மாட்டார்கள். காலைக் கட்டி அவள் ஒன்றை நீட்டினால் அது நல்ல கோழிதான் என்பது பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். மூக்கில் சளி வடிகிற கோழியையும் கண் சொருகி நிற்கிற கோழியையும் யார் அவசரப்படுத்திக் கேட்டாலும் தரமாட்டாள். "இது சரியில்லக்கா, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ரயில்வே வேலைக்காரர் மகளாகப் பிறந்தவள். பத்தொன்பது வயதில் லாரன்ஸைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்தாள். லாரன்ஸுக்கு ஃபெரியில் வேலை. கப்பல் துறையை ஒட்டும்போது கயிற்றை எறிந்து கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் பாடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கடலோரச் சேற்றுப் பக்கம் பலகை வீடுகள் ஒரு வரிசையாக நின்றன. அதில் கடைசி வீடு அவர்களுடையது. பின்னால் காலி நிலம் கிடந்ததால் ஆறு பெட்டைகளை வாங்கி விட்டாள். பதினைந்து ஆண்டுகளில் அது எண்பது தொண்ணூறாகப் பெருகியது.

சந்தையில் பண்ணைக் கோழி மலிவாகக் கிடைத்த காலம் அது. ஆனால் அதை 'ஊசி போட்ட கோழி' என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் யாரும் கொடுக்க மாட்டார்கள். நாற்பது நாள் பத்தியத்துக்கு மண்ணைக் கிளறித் தின்ற கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழிதான் வேண்டும். அதனால் எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்பது மருத்துவச்சிக்கு அடுத்தபடியாக மார்த்தாவுக்குத் தெரிந்திருந்தது. பிரசவம் ஆன மறுநாளே கூடையோடு போய் நிற்பாள். எலும்பை நன்றாக இடித்துப் போட்டு மிளகு சேர்த்து சூப் வைக்கச் சொல்லுவாள். "சத்தெல்லாம் எலும்புலதான் இருக்கு" என்பாள். அந்த வார்த்தை பின்னால் அவளை எப்படிக் குத்தப்போகிறது என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

எண்பத்து நான்காம் ஆண்டு, லோங்காங்குக்கு அந்தப் பக்கம் பூட்டிக்கிடந்த ஒரு பழைய கொட்டகையை யாரோ வாடகைக்கு எடுத்தார்கள். லோங்காங் என்பது மழைநீரும் வீட்டுத் தண்ணீரும் ஓடுகிற சாக்கடை. அகலம் நாலடிதான். கொட்டகைக்குள் லாரி லாரியாகக் கார் பேட்டரிகள் வந்து இறங்கின. கோடாலியால் பிளந்து, ஆசிட்டை லோங்காங்கில் கொட்டிவிட்டு, உள்ளே இருந்த தகடுகளை அடுப்பில் போட்டு உருக்கிக் கட்டியாக வார்த்து அனுப்பினார்கள். தகரக் கூரையின் ஓட்டை வழியே புகை வந்தது. துணி காயப்போட்டால் சாம்பல் நிறத் தூள் படிந்தது. முதலாளி எங்கேயோ ஈப்போவில் இருப்பதாகச் சொன்னார்கள். இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் கணக்கு எழுதுகிற ஏரம்பமூர்த்தி என்ற கிராணி. வெள்ளைச் சட்டை போட்டவர். யாரையும் மரியாதையாகப் பேசுகிறவர். வரிசை வீட்டு ஆண்கள் நாலைந்து பேருக்கு அங்கே வேலை கிடைத்தது. மார்த்தாவின் பக்கத்து வீட்டு நல்லமுத்துவும் சேர்ந்தான். அதனால் புகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த நிலத்தில் பெரிய அலை வரும் நாட்களில் தண்ணீர் ஏறி கோழிக்கூட்டின் அடி சேறாகிவிடும். ஒருநாள் கிராணி வேலியோரம் நின்று அதைப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்ககிட்ட ஒடஞ்ச பேட்டரி ஓடு மலையாக் கெடக்கு. கறுப்பு ரப்பர் மாதிரி, கல்லு மாதிரி இருக்கும். வேணுங்கறத அள்ளிக்குங்க. கூட்டுக்கு அடியில பரப்பிட்டா சேறு வராது."

"சும்மாவா அண்ணே?"

"சும்மாதான். எங்களுக்கும் எடம் காலியாகும்."

மார்த்தா நல்லமுத்துவின் தள்ளுவண்டியில் பத்து நடை அள்ளிவந்து கூட்டின் அடியில் பரப்பினாள். நல்லமுத்துவுக்கு அடுத்த வீட்டு ருக்கையாவும் வாசலில் பரப்பினாள். வரிசை முழுவதும் பரப்பினார்கள். சேறு நின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகையில் செருப்பு நனையவில்லை. எல்லாரும் கிராணியை நல்ல மனிதர் என்றார்கள்.

கோழிகள் அந்த ஓட்டைக் கிளறின. இடுக்குகளில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் துணுக்குகளைப் பொறுக்கித் தின்றன. தீனியை வயிற்றில் அரைப்பதற்குக் கோழிக்குப் பொடிக்கல் வேண்டும். பளபளவென்று எது கிடந்தாலும் கல்லென்று விழுங்கும்.

எண்பத்து ஏழாம் ஆண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் கூட்டம் கூடிக் கலைந்த வாரத்தில் முதல் கோழி விழுந்தது. இறக்கை இரண்டும் தரையில் இழுபட நுனிக்காலில் தள்ளாடியது. கழிச்சல் பச்சையாகப் போயிற்று. தீனிப்பை புடைத்திருந்தது, ஆனால் நெஞ்சு கத்தி மாதிரி ஒட்டிக்கிடந்தது. வயிறு நிறைய இருந்தும் பட்டினியில் செத்தது. மார்த்தா கோழிக்கழிச்சல் என்று நினைத்துச் சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தாள். தொற்றுநோய் என்றால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். இது அப்படி இல்லை. நாலு நாளைக்கு ஒன்று, வாரத்துக்கு இரண்டு என்று நிதானமாகச் செத்தன. முட்டை ஓடு விரலால் தொட்டாலே நொறுங்கியது.

ஆறாவதாகச் செத்ததை அவள் அறுத்துப் பார்த்தாள். வயிற்றுப்பைக்குள் மணலோடு ஏழெட்டுத் துணுக்குகள். கழுவினால் மங்கலாக மின்னின. சின்னதாக இருந்தாலும் கையில் கனத்தன. அவற்றைத் தாளில் மடித்துக்கொண்டு தவமணி வீட்டுக்குப் போனாள்.

தவமணி பெண்கள் பள்ளி ஒன்றின் அறிவியல் கூடத்தில் உதவியாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் பினாங்கில்தான். அவருடைய மகள் பத்மாவதிக்கு அப்போதுதான் பத்தியம் முடிந்திருந்தது. நாற்பது நாளும் மார்த்தாவின் கோழிதான்.

தவமணி ஒரு துணுக்கை எடுத்து வெள்ளைத் தாளில் உரசினார். பென்சில் கோடு மாதிரி விழுந்தது.

"இது ஈயம், மார்த்தா."

"ஈயமா? அதுக்கென்னக்கா. எங்கம்மா ஈயச் செம்புலதான் ரசம் வெப்பாங்க. வாசம் தூக்கும்."

"அது வெள்ளீயம். இங்க சுரங்கத்துல எடுக்கிறமே, அது. ஒண்டும் செய்யாது. இது காரீயம். பேர்தான் ஒண்டு. இது ரத்தத்தில கலந்தா லேசில போகாது. எலும்பில போய் உக்காந்திடும்."

எலும்பை நன்றாக இடித்துப் போடச் சொன்னவள் மார்த்தாதான்.

தவமணி அதோடு விடவில்லை. அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவன் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தான். நோயே இல்லாமல் கொழுகொழுவென்று இருந்த ஒரு கோழியின் ஈரலும் இறைச்சியும் எலும்பும் பனிக்கட்டிப் பெட்டியில் அவனிடம் போயின. மூன்று வாரம் கழித்துத் தவமணி தாளோடு வந்தார். சட்டம் அனுமதிக்கிற அளவைப் போல ஈரலில் பதினோரு மடங்கு இருந்தது. இறைச்சியில் இரண்டு மடங்கு. எலும்புக்குச் சட்டத்தில் அளவே போட்டிருக்கவில்லை. மனுசர் எலும்பைத் தின்பார்கள் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

"நல்லா இருந்த கோழிக்கே இப்படியா?" என்றாள் மார்த்தா.

"நல்லா இருந்தது வெளியிலதான்." தவமணி தாளை மடித்தார். பிறகு சொன்னார்: "என்ர மகள் நாப்பது நாள் உன்ர கோழிதான் சாப்பிட்டவள். பிள்ளைக்குப் பால் குடுக்கிறாள்."

தவமணி பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

லாரன்ஸ் அன்று மாலை சொன்னான்: "விக்கிறத நிறுத்திடு. வெளிய சொல்லாத. சொன்னா நம்மள அடிக்க வருவாங்க."

"நிறுத்திட்டேன். ஆனா சொல்லாம இருக்க முடியாது."

"யாரு கேட்டா உன்கிட்ட?"

"யாரும் கேக்கலதான். நம்பி வாங்குனவங்க எப்படிக் கேப்பாங்க?"

அடுத்த இரண்டு வாரமும் அவள் கூடையில்லாமல் வீடு வீடாகப் போனாள். கடந்த மூன்று ஆண்டில் பத்தியக் கோழி வாங்கிய வீடுகள் நினைவில் இருந்தவரை முப்பத்தொன்று. ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே விஷயத்தைச் சொன்னாள்: "என் கோழியில காரீயம் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. புள்ளைய டாக்டர்கிட்ட காட்டுங்க." சில வீட்டில் உட்காரவைத்துக் கேட்டார்கள். சில வீட்டில் சிரித்தார்கள். பண்ணைக் கோழிக்காரன் எவனோ கிளப்பிவிட்ட புரளி என்றார்கள். ஒரு வீட்டில் மாமியார்க்காரி வெளியே வந்து, "வெஷத்த வித்துட்டு வெவரமும் சொல்ல வந்துட்டாளாம்" என்று தெருவே கேட்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். மார்த்தா சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, "டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அவமானம் அவளுக்கு வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வாசலில் அவள் தலைகுனிந்து நிற்கிறாள். தகட்டை உருக்கினவன் ஒரு வாசலிலாவது நின்றானா?

கோழி செத்தால் மருந்து கேட்கலாம், விஷம் வைத்தால் யாரைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு அரசாங்க ஒப்பிஸுக்குப் போனாள். தவமணி எழுதிக்கொடுத்த கடிதத்தையும் பரிசோதனைத் தாளையும் நீட்டினாள். மேசையில் இருந்தவன் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் மலாயில், "தீமாவாம், கோழிக்குள்ள தீமாவாம், பேராக் மாநிலம் பூரா தீமாதானே" என்று சொல்லிச் சிரித்தான். மலாயிலும் வெள்ளீயம் தீமாதான். காரீயம் தீமா ஹித்தாம். ஒரு சொல் கூடினால் விஷம். கடிதத்தில் அந்தச் சொல் தெளிவாக இருந்தது. மார்த்தா விரலால் அந்த இரண்டாவது சொல்லைத் தொட்டுக் காட்டினாள். அவன் சிரிப்பை நிறுத்தி முத்திரை குத்தினான்.

ஐந்து வாரம் கழித்து லாரி வந்தது.

அன்று காலை மார்த்தாவுக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ராமதாஸ் தமிழர். இரண்டு ஆட்களோடு வந்தார். அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். தேநீர் கலந்தாள்.

"புகார் குடுத்தது நீங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"அதுக்குத்தான் வந்திருக்கோம்." பையிலிருந்து மலாயில் எழுதிய ஒரு சூராட் தாளை எடுத்தார். "எத்தனை கோழி இருக்கு?"

"அறுபத்து நாலு. ஏன் சார்?"

"எல்லாத்தையும் அழிக்கணும். அனுமதி இல்லாம டவுனுக்குள்ள வளத்திருக்கீங்க. கெட்ட எறச்சி வித்திருக்கீங்க. நல்லவேளை நீங்களே வந்து சொன்னீங்க, அதனால கேஸ் போடல. இதுல கையெழுத்துப் போடுங்க."

மார்த்தா லாரியைப் பார்த்தாள். உள்ளே சாக்குகளும் சுண்ணாம்பு மூட்டையும் இருந்தன. லோங்காங்குக்கு அந்தப் பக்கம் கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், நான் கேட்டது பட்டறைய நிறுத்தச் சொல்லி."

"அது எங்க ஒப்பிஸ் இல்லம்மா. புகைக்கு ஒரு ஒப்பிஸ். தண்ணிக்கு ஒரு ஒப்பிஸ். நெலத்துக்கு ஒண்ணு. எங்களுக்குச் சாப்பாடு மட்டும்தான்."

"அப்ப வெஷம் கோழி வாய்க்குள்ள போற வரைக்கும் உங்களுது இல்ல. உள்ள போனதுக்கப்புறம் உங்களுதா?"

ராமதாஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "சட்டம் அப்படித்தான் இருக்கு. நான் எழுதுனது இல்ல."

சத்தம் கேட்டு ருக்கையா வந்தாள். அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். மார்த்தா தாளை அவளிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னாள். பாதிவரை ஒன்றுமில்லை. 'காரணம்' என்ற இடத்தில் ருக்கையா நிறுத்தினாள். "உரிமையாளர் தாமே கூட்டுக்கு அடியில் கழிவுப் பொருள்களைப் பரப்பியது" என்று எழுதியிருந்தது.

"யாரு சொன்னா இத?"

"பட்டறையில கேட்டோம். கிராணிதான் சொன்னாரு. நீங்களே வண்டியில அள்ளிட்டுப் போனீங்களாம். பொய்யா?"

"பொய் இல்ல," என்றாள் மார்த்தா. குரல் உயரவில்லை. ஆனால் நல்லமுத்து வீட்டுவரை கேட்டது. "நான்தான் அள்ளினேன். நான்தான் பரப்புனேன். வெஷம்னு சொல்லாம அவரு குடுத்தாரு, நான் வாங்குனேன். ரெண்டையும் எழுதுங்க சார். வாங்குனவ பேரு இருந்தா குடுத்தவன் பேரும் இருக்கணும். இல்லைன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஒத்துழைக்கலன்னு எழுதவேண்டி வரும்."

"எழுதுங்க. கோழியக் கொல்லவேண்டாம்னு நான் சொல்லல. நீங்க வராட்டியும் நானே கொன்னிருப்பேன், இத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? ஆனா செத்த கோழி மேல எல்லாத்தையும் போட்டு மூடிட்டுப் போக விடமாட்டேன். இந்த வரிசையில பதினாலு புள்ளைங்க அந்த ஓட்டு மேலதான் வெளையாடுது. அதுங்களயும் சாக்குல அள்ளுவீங்களா?"

ராமதாஸ் வாசலைப் பார்த்தார். ருக்கையாவின் மூன்று வயது மகள் ரொஸ்னா கறுப்பு ஓட்டுத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கலாம். பேனாவைத் திறந்து அந்த வரிக்குக் கீழே மலாயில் இன்னொரு வரி சேர்த்தார். கழிவுப் பொருள்கள் அடுத்துள்ள பேட்டரிப் பட்டறை கொடுத்தவை, அதே பொருள்கள் வரிசையின் எல்லா வீட்டு வாசலிலும் காணப்படுகின்றன. ருக்கையா இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகுதான் மார்த்தா கையெழுத்துப் போட்டாள்.

கோழிகளை அவளே பிடித்தாள். வேற்று ஆள் கை பட்டால் மிரண்டு பறக்கும், ஆட்களிடம் அடிபட்டுச் சாகும். அறுபத்து நாலையும் ஒவ்வொன்றாக அவளே கழுத்தைத் திருகிச் சாக்கில் போட்டாள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. லாரி போனதும் கிணற்றடியில் உட்கார்ந்து கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

மூன்றாம் நாள் கிராணி ஏரம்பமூர்த்தி வந்தார். கையில் ஒரு மூங்கில் கூடை. உள்ளே பன்னிரண்டு கோழிக்குஞ்சுகள் கீச்சிட்டன.

"முதலாளி குடுத்தனுப்பினார், தங்கச்சி. நடந்தது நடந்துபோச்சு. புதுசா ஆரம்பிங்க."

மார்த்தா கூடையைப் பார்த்தாள்.

"இது எங்க மேயும், கிராணி?"

அவர் கூடையைத் தரையில் வைத்தார்.

"சொல்லுங்க, எங்க விடட்டும்? அந்த ஓட்டு மேல விடவா, லோங்காங் கரையில விடவா? இதையும் வளத்து இன்னொரு பச்சை ஒடம்புக்காரிக்குக் குடுக்கவா? உங்க வீட்டுல யாராச்சும் முழுகாம இருக்காங்களா? அவங்களுக்குக் கொண்டாந்து குடுக்கட்டுமா?"

"நான் வேலைக்காரன், தங்கச்சி. சொன்னத செய்யிறவன்."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க. ஓட்ட அள்ளிக்கன்னு சொன்னப்ப தெரியுமா?"

ஏரம்பமூர்த்தி வெள்ளைச் சட்டையின் கைம்மடிப்பைச் சரிசெய்தார். "ஏத்திட்டுப்போய்க் கொட்டுறதுக்கு முதலாளி லாரி குடுக்க மாட்டேன்னாரு" என்றார். அதுதான் அவர் சொன்ன பதில். மார்த்தா கூடையைத் தூக்கி அவர் கையில் திரும்ப வைத்தாள்.

ராமதாஸ் சேர்த்த அந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கோபத்தோடு போன தவமணி திரும்பி வந்தார். பேத்தியின் ரத்தத்தைத் தனியார் மருத்துவரிடம் கொடுத்துப் பார்த்திருந்தார். கூடுதல்தான், ஆனால் பயப்படும் அளவு இல்லை என்றிருந்தார்கள். "உன்னில கோபப்பட்டு என்ன செய்யிறது. வந்து சொன்னது நீ ஒருத்திதானே" என்றார். அரசாங்க முத்திரை உள்ள தாளிலேயே பட்டறையின் பெயர் வந்துவிட்டதால் அதை வைத்துக்கொண்டு அரசாங்கப் பெரிய மருத்துவரிடம் போகலாம் என்றார். இரண்டு பேருமாகப் போனார்கள். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறை மார்த்தா மருத்துவரின் மேசைமேல் ரொஸ்னாவை உட்காரவைத்தாள். "டாக்டர், இந்தப் புள்ளைக்கு மூணு வயசு. இன்னும் அம்மான்னு சொல்லல. இவ என் கோழியத் தின்னவே இல்ல, எங்க வாசல்ல வெளையாடுனா, அவ்வளவுதான்" என்றாள்.

பதினாலு பிள்ளைகளின் ரத்தமும் கோலாலம்பூருக்குப் போனது. முடிவு வர ஏழு வாரம் ஆயிற்று. ஒன்பது பிள்ளைகளுக்கு ஆபத்தான அளவில் இருந்தது. ரொஸ்னாவுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். அவளை மருத்துவமனையில் சேர்த்து ஊசி போட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கச் சொல்லி, கையைக் கழுவச் சொல்லி அனுப்பினார்கள். ஓட்டின் மேல் விளையாடுகிற பிள்ளைக்குக் கையைக் கழுவச் சொன்னார்கள்.

நல்லமுத்துவை யாரும் சோதிக்கவில்லை. அவன் சின்னப் பிள்ளை இல்லையே. இரண்டு மணிக்கட்டும் தொங்கிப்போய், தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துத்தான் குடித்தான். நெடுநாள் கோடாலி பிடித்ததால் வந்த வலி என்று பட்டறையில் தைலம் கொடுத்திருந்தார்கள். மார்த்தா முதல் முறை அந்தத் தொங்கிய கையை உற்றுப் பார்த்தபோது அவளுக்குக் கோழிகளின் இறக்கைதான் கண்ணில் பட்டது. அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். "வேலைக்குப் போகாம இருந்தா கொஞ்சம் சரியாகலாம்" என்றார் மருத்துவர். போகாமல் இருந்தால் அரிசி யார் தருவார் என்று அவர் சொல்லவில்லை.

எண்பத்து எட்டின் நடுவில் ஒரு திங்கட்கிழமை கொட்டகை பூட்டிக்கிடந்தது. எந்த ஒப்பிஸ் உத்தரவு போட்டது, போட்டதா இல்லையா என்று வரிசைக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வார இறுதியில் சாமான்களை ஏற்றிப்போய்விட்டார்கள். அடுப்பின் கரியும் லோங்காங்கும் ஓடும் அப்படியே கிடந்தன. அதை அள்ளுவது எந்த ஒப்பிஸின் வேலை என்று தீர்மானிக்க இன்னும் ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதற்குள் வரிசை ஆட்கள் தாங்களே அள்ளி ஓரமாகக் குவித்து மேலே மண் போட்டிருந்தார்கள். ரொஸ்னா பேச ஆரம்பித்தாள். ஆனால் பள்ளியில் எழுத்தும் எண்ணும் அவளுக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. ருக்கையா அதற்காக மார்த்தாவைக் குறை சொன்னதே இல்லை. குறை சொல்ல வேண்டியவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மார்த்தா மறுபடி கோழி வளர்க்கவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனாள். ஓராண்டு போல அமைதியாகத்தான் இருந்தாள். ஒருநாள் நல்லமுத்து வந்து திண்டாடித் திண்டாடிச் சொன்னான்: "யக்கா, கிராணிகிட்டருந்து ஆள் வந்துச்சு. பழைய ஆளுங்க வேணுமாம். பட்டறைய அக்கரையில போட்டிருக்காங்க. நிபோங் திபால் பக்கம், செம்பனைத் தோட்டத்த ஒட்டி. பேரு மட்டும் வேற."

"நீ போறியா?"

"இந்தக் கைய வெச்சுக்கிட்டா? வேணாம்னுட்டேன்."

"லயத்துக்குப் பக்கத்துலயா போட்டிருக்காங்க?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் தோட்டத்து ஆளுங்க குடியிருக்கற லயம்னு சொன்னான்."

லாரன்ஸ் வேண்டாம் என்றான். இங்கே பட்டது போதாதா, அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்றான். மார்த்தா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபெரி ஏறினாள். அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அவளைப் பார்த்தான். பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, நிபோங் திபாலில் இறங்கி, மோட்டார் சைக்கிளில் போன ஒரு தோட்டத்து ஆளிடம் வழி கேட்டு, பின்னால் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

தகரக் கூரையை அவள் தூரத்திலேயே அடையாளம் கண்டாள். புகை செம்பனை மரங்களுக்கு மேல் சாய்ந்து லயத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே பத்திருபது கோழிகள் தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. நல்ல கோழிகள். இறகு மின்னியது.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயிறு ஏழு மாதம் இருக்கும். யாரோ தெரியாதவள் வெயிலில் வந்து நிற்பதைப் பார்த்து, "யார வேணும்க்கா?" என்றாள்.

"அந்தக் கோழிங்க யாருது?"

"எங்களுதுதான். பத்தியத்துக்கு வளக்கிறோம். வெலைக்கு இல்லக்கா."

"வாங்க வரலம்மா," என்றாள் மார்த்தா. "கோழிங்கள உள்ள அடைச்சுட்டு வா. லயத்துல இருக்கற பொம்பளைங்கள எல்லாம் கூப்புடு. கொஞ்ச நேரம் ஆகும், நான் சொல்றதக் கேக்கணும்."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கொடியில் பாதியில் தொங்கிய துணியை அப்படியே விட்டுவிட்டு வேலிப் பக்கம் நடந்தாள்.